60 அடி ஸ்கீம் ரோடும் 11 ஏக்கர் குடியிருப்பும்: மூக்கனேரிக்கு வடக்கே என்ன செய்யலாம்?

அடிவாரத்தான் (இழையைத் தொடங்கியவர்) – சனி, காலை 6:40

வணக்கம். கன்னங்குறிச்சி, கோரிமேடு, சின்னத்திருப்பதிப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் 11 ஏக்கர் காடு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சேலத்தில் காடு என்றால் தோட்டம்தான். போன வருடம் வரைக்கும் மரவள்ளி போட்டிருந்தார்கள். இப்போது கைமாறிவிட்டது. முன்பக்கம் மனைகள், பின்பக்கம் ஸ்டில்ட்டுக்கு (வண்டி நிறுத்தும் தூண் தளம்) மேல் ஐந்து மாடியாக நான்கு பிளாக், மொத்தம் 200 வீட்டுக்கு மேல் வரப்போகிறது என்கிறார்கள். கம்பி வேலி போட்டாயிற்று.

இந்தக் காட்டின் நடுவே கிழக்கு மேற்காக 60 அடி ஸ்கீம் ரோடு ஒன்று நகரத் திட்ட வரைபடத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது வந்தால் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை இறங்காமலே ஏற்காடு ரோட்டைப் பிடித்துவிடலாம். இப்போது எங்களுக்கு இருப்பது 16 அடிச் சந்து. எதிரே ஒரு பள்ளி வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி. 108 வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். அந்தக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் பிடித்தவன் நான்.

இப்போது கேள்விப்படுவது, அந்த ஸ்கீம் ரோடு செல்லாது, நிலத்தை அதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நிலம் வாங்கியவர்கள் மனு போட்டிருக்கிறார்கள். ரோடு போய்விட்டால் 200 வீட்டு வண்டிகளும் எங்கள் 16 அடிச் சந்தில்தான் இறங்கும்.

தெருவில் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சி கட்டடமே வரக்கூடாது என்கிறது. இன்னொரு கட்சி, ரோடு என்று பேச்சை எடுத்தால் நம் வீட்டுக் காம்பவுண்டும் போய்விடும், சும்மா இருப்போம் என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

குகைத் தறி – சனி, காலை 7:55

கட்டடம் வரக்கூடாது என்பதுதான் என் கருத்து. சின்ன வயதில் அப்பாவோடு சைக்கிளில் மூக்கனேரிக்கு வந்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் பாக்குமரமும் பூந்தோட்டமுமாக மலை வரைக்கும் ஒரே பச்சை. இப்போது மலைக்கு முன்னால் தண்ணீர் டேங்குகள்தான் தெரிகின்றன. அழகாபுரம், ரெட்டிப்பட்டி எல்லாம் எப்படி ஆனது என்று பார்த்தோம். அடிவாரத்தையாவது விட்டுவையுங்கள். ரோடு வந்தால் அதை ஒட்டி இன்னும் நாலு அடுக்குமாடி வரும். இரண்டையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும் அண்ணா.

சர்வே சங்கிலி – சனி, காலை 10:20

நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்த காலத்தில் கையில் 66 அடி சங்கிலிதான். பெயரும் அதனால்தான். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் ஸ்கீம் ரோடு என்றால் என்ன என்பதில் நிறைய பேருக்குக் குழப்பம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன்படி ஊர் முழுவதற்கும் மாஸ்டர் பிளான், அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் விரிவு அபிவிருத்தித் திட்டம். பேச்சில் டி.டி.பி. என்போம். எந்த சர்வே எண்ணில் எத்தனை அடி ரோடு, எங்கே பூங்கா, எங்கே பள்ளி என்று அதில் கோடு போட்டிருப்பார்கள். கோடு போட்டதாலேயே நிலம் அரசுக்குச் சொந்தமாகாது. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் அந்த இடத்தில் வீடு கட்டப் பிளான் கேட்டால் கிடைக்காது. கோடு போட்டவர்கள் நிலத்தை வாங்கினால்தான் ரோடு.

இங்கேதான் 38-ஆவது பிரிவு வருகிறது. திட்டம் அரசிதழில் வெளியாகி மூன்று வருடத்துக்குள் நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்பு வரவில்லை, உடன்பாட்டில் வாங்கவும் இல்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். இந்தப் பிரிவை வைத்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலத்துக்காரர்கள் போட்ட வழக்குகள் ஏராளம், ஜெயித்தவர்களும் நிறைய. அந்தப் பிரிவில் நியாயம் இருக்கிறது. ஒரு மனிதனுடைய நிலத்தில் கோட்டைப் போட்டுவிட்டு, காசும் தராமல், கட்டவும் விடாமல் தலைமுறைக் கணக்கில் வைத்திருப்பது எந்த ஊர் வழக்கம்? அதனால் அடிவாரத்தான் தம்பி சொல்கிற மனு சட்டத்துக்குப் புறம்பானது இல்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதியம் கொஞ்சம் வேலை இருக்கிறது, சாயங்காலம் மீதியை எழுதுகிறேன்.

வாடகை வீடு – சனி, பகல் 12:05

குகைத் தறி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஜங்ஷன் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு இரும்பாலை ரோட்டில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் பள்ளிக்கூட வேன் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று பார்த்துத்தான் வீடு பிடிக்கிறோம். மனை வாங்கி வீடு கட்டுவது எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு படுக்கையறை ஃபிளாட் என்றால் கடனை உடனை வாங்கிச் சமாளிக்கலாம்.

2011 கணக்கெடுப்பிலேயே மாநகராட்சி எல்லைக்குள் எட்டேகால் லட்சத்துக்கு மேல் ஜனம். அப்போது எல்லை 91 சதுர கிலோமீட்டர்தான். அதற்கப்புறம் பிறந்தவர்களும் வந்தவர்களும் எங்கே போவார்கள்? வீடே கூடாது என்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு உள்ளவர்களாகத்தான் இருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், யாரையும் குத்திக் காட்டவில்லை.

எனக்கும் 16 அடிச் சந்துக்குள் இருக்கிற ஃபிளாட் வேண்டாம். அந்தக் கட்டிலைத் தூக்கிய கதையைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம்தான் வந்தது.

அரளித் தோட்டம் – சனி, பகல் 2:30

இந்த இழையை என் தம்பி காட்டினான். நீங்கள் பேசுகிற ரோடு எங்கள் தோட்டத்தின் வழியாகவும் போகிறது. 11 ஏக்கருக்குக் கிழக்கே ஒட்டி இருக்கிற 70 சென்ட் எங்களுடையது. அந்தப் பக்கத்தில் விற்காமல் இருப்பது நாங்கள் மட்டும்தான்.

அம்மா விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு அரளி மொட்டுப் பறிக்க இறங்குவாள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்தால் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விலை போகாது. பறிப்பவள் கை முழுக்கப் பால் ஒட்டி, காய்ந்து, சொரசொரவென்று இருக்கும். அந்தக் கையோடுதான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தாள்.

தோட்டம் கிழக்கு மேற்காக 210 அடி, தெற்கு வடக்காக 145 அடி. ரோடு நட்டநடுவில் போகிறது. 210 அடிக்கு 60 அடி என்றால் 29 சென்ட் போய்விடும். மிச்சம் 41 சென்ட் இரண்டு துண்டாக, வடக்கே 45 அடிப் பட்டை, தெற்கே 40 அடிப் பட்டை. கிணறு ரோட்டுக்குள் விழுகிறது. அப்பாவும் சித்தப்பாவும் பாறையை வேட்டு வைத்து உடைத்து இறக்கிய கிணறு. 24 அடி அகலம். கோடையிலும் கொஞ்சமாவது ஊறும். கிணறு போனால் மிச்சமிருக்கிற 41 சென்ட்டை வைத்து என்ன செய்வது?

11 ஏக்கர்காரர்கள் ரோட்டுக்கு நிலம் விட்டால், மீதி மனைகளின் விலையில் அதை எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் எதில் எடுப்பது? ரோடு வேண்டும் என்று எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள். நான் ரோட்டுக்கு எதிரி இல்லை. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த 16 அடிச் சந்து வழியாகத்தான்.

அடிவாரத்தான் – சனி, பகல் 3:10

அக்கா, உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு மாலை கட்டப் பூ உங்கள் தோட்டத்திலிருந்துதான் வந்தது. இத்தனை நாள் வரைபடத்தில் ரோட்டை மட்டும் பார்த்தேன், அது யார் கிணற்றின் மேல் போகிறது என்று பார்க்கவில்லை. தப்புதான்.

பூலாவரிக்காரன் – சனி, மாலை 4:45

நாங்கள் ஊருக்குத் தெற்கே. ஆனாலும் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு எங்கள் வயலில் கல் நட்டார்கள். 277 கிலோமீட்டர் ரோடு. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் வரப்பு மேல் கல் நிற்கிறது. கேட்டால் அளந்தாயிற்று என்கிறார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கவில்லை. தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், நிலம் இருக்குமா போகுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கிற அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, முதல்கட்ட அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், நிலம் எடுத்து முடியும் முன்பே வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் மாற்றியது தவறு, நிலத்துக்காரர் பெயரைத் திரும்பப் போட வேண்டும் என்றும் சொன்னது. இதை நிறைய பேர் கவனிக்கவில்லை.

அந்த அக்காவுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்றைக்கே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்) நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இணையத்தில் கிடைக்கும். அப்புறம் கிணறு, மோட்டார், பைப் லைன், மரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். நிலம் எடுப்பதாக இருந்தால் 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி கிணற்றுக்கும் மரத்துக்கும் தனி மதிப்பு உண்டு. எல்லாம் சேர்த்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகையும் உண்டு. வாயால் சொல்கிற எந்தக் கணக்குக்கும் தலையாட்டாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

கொலுசுப் பட்டறை – சனி, மாலை 5:30

நான் சொல்வது வேறு விதமான கஷ்டம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் சேர்த்த காசு, மனைவியின் நகை எல்லாம் போட்டு ஒரு 1,200 சதுர அடி மனை வாங்கினேன். விற்றவர் பத்திரம், வில்லங்கம் எல்லாம் காட்டினார், சுத்தமாக இருந்தது. வீடு கட்டப் பிளானுக்குக் கொடுத்தால், மனையில் பாதி ஸ்கீம் ரோட்டில் வருகிறது, அனுமதி தர முடியாது என்று திருப்பிவிட்டார்கள். வில்லங்கச் சான்றில் ஸ்கீம் ரோடு வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரோடு எப்போது வரும் என்று கேட்டேன், தெரியாது. அப்படியானால் கட்டலாமா, கூடாது. நிலத்தை நீங்களே எடுத்துக்கொண்டு காசு கொடுங்கள் என்றேன், நிதி இல்லை. எட்டு வருடம் அலைந்தேன். இன்னமும் அங்கே நான் போட்ட எல்லைக்கல் நாலும் ஒரு வேப்பங்கன்றும்தான் நிற்கின்றன. கன்று மரமாகிவிட்டது.

அதனால் அந்த 11 ஏக்கரில் யாராவது மனை வாங்கப் போனால், தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். சர்வே எண்ணை எழுதிக்கொண்டு போய் திட்டக் குழும அலுவலகத்தில் டி.டி.பி. வரைபடத்தின் நகல் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டும் கேட்கலாம். நான் அந்தப் பத்து ரூபாயைச் செலவு செய்யாததால் இத்தனையும்.

சர்வே சங்கிலி – சனி, இரவு 8:15

காலையில் விட்ட இடத்திலிருந்து வருகிறேன். கொலுசுப் பட்டறைத் தம்பி எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. 38-ஆவது பிரிவு உங்களுக்கும் பொருந்தலாம். நில வழக்குப் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் அந்த டி.டி.பி. வெளியான தேதியோடு போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 38-இல் நிலம் விடுபட்டால் அதோடு ரோடு செத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெறும் காடாக இருக்கும் வரைக்கும் அந்த நிலத்தில் ரோடு வேண்டுமானால் அரசு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதே நிலத்தை மனையாகப் பிரிக்கவோ அடுக்குமாடி கட்டவோ அனுமதி கேட்டு வருகிற அந்த ஒரு சமயத்தில், ரோட்டைக் கேட்கிற உரிமை ஊருக்கு வந்துவிடுகிறது. மனைப்பிரிவுக்குள் போடுகிற ரோடுகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். சுற்றியுள்ள ரோடுகளோடு அவை தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இது இருக்கிறது. பூங்கா இடமும் இதே மாதிரிதான். 11 ஏக்கர் என்றால் 44,000 சதுர மீட்டருக்கு மேல். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே கொடுக்க வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. இந்த 10 சதவீத விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதனால் குகைத் தறித் தம்பி, கட்டடத்தைத் தடுத்தால் ரோடும் வராது. இன்னும் முப்பது வருடம் கோடாகவே கிடக்கும். ரோட்டைக் கேட்காமல் கட்டடத்தை விட்டால், அப்புறம் எந்தக் காலத்திலும் வராது. ஐந்து மாடிக் கட்டடத்தை இடித்து யார் ரோடு போடுவார்கள்? ஐந்து ரோடு சந்திப்பில் 2020-இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்களே, தூண் நிற்கும் இடத்துக்கெல்லாம் எவ்வளவு பாடு, எத்தனை வருடம் கடைக்காரர்கள் தூசியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இங்கே இன்றைக்கு வேலியைத் தவிர ஒன்றும் இல்லை. இதுதான் சமயம்.

இன்னொன்று. அனுமதி இரண்டு கட்டமாக வரும். முதலில் நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி. அப்புறம் ரோடும் பூங்காவும் தானப் பத்திரம் பதிவான பிறகு உள்ளாட்சியின் இறுதி அனுமதி. நீங்கள் மனு கொடுப்பது முதல் கட்டத்துக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு தடவை கையெழுத்தாகிவிட்டால் அதை மாற்ற வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. முதலில் அவர்கள் கொடுத்திருக்கிற வரைபடத்தை எப்படியாவது பாருங்கள்.

குகைத் தறி – சனி, இரவு 9:00

அய்யா, தடுத்தால் ரோடும் சேர்ந்து போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அடிவாரம் பச்சையாக இருக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு மாறவில்லை. ஆனால் அந்தப் பூங்கா 10 சதவீதம் எங்கே ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மனைப்பிரிவில் யாருக்கும் வேண்டாத பள்ளத்து மூலையைப் பூங்கா என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே சீமைக் கருவேலம்தான்.

அடிவாரத்தான் – புதன், இரவு 7:50

நான்கு நாளாக இதே வேலையாக இருந்தேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். அவர்கள் ஆளே காட்டினார், மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

60 அடி ரோடு 40 அடியாகியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. மேற்கே ஏற்காடு ரோட்டுப் பக்கமிருந்து நேராக வந்து, 11 ஏக்கரின் நடுவில் செங்குத்தாகத் தெற்கே திரும்பி, எங்கள் 16 அடிச் சந்தில் போய் முட்டுகிறது. கிழக்கு எல்லையில், அக்கா தோட்டத்தை ஒட்டி, காம்பவுண்டுச் சுவர். அதாவது ரோடு அங்கேயே முடிகிறது. இனிமேல் கிழக்கே போகவே போகாது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நேர் ரோடு 11 ஏக்கருக்குள் 700 அடி நீளம். 60 அடியாக விட்டால் 42,000 சதுர அடி, 96 சென்ட். 40 அடியாக விட்டால் 64 சென்ட். வித்தியாசம் 32 சென்ட், 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் பதினொரு மனை. அந்தப் பதினொரு மனைக்காகத்தான் இத்தனை வளைசலும்.

இந்தத் திருப்பத்தில் டவுன் பஸ் ஒன்று வளையுமா என்று பார்க்க, எங்கள் தெரு முனையில் சாக்பீஸால் 40 அடியும் 16 அடியும் சேருகிற மூலையைத் தரையில் வரைந்தோம். பால் வண்டி ஓட்டுகிற தம்பி அவனுடைய மினி லாரியைக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தான். மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்தான். பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஓடைக்கரை – புதன், இரவு 9:25

தண்ணீரைப் பற்றி யாருமே பேசவில்லையே. அந்த 11 ஏக்கரின் குறுக்கே வடக்கிலிருந்து ஒரு ஓடை இறங்குகிறது, நடந்து போனால் தெரியும். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், கோரைப் புல்லும் பிளாஸ்டிக் பையும்தான் இருக்கும். ஏற்காட்டில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் இடுப்பளவுக்குச் செம்மண் தண்ணீர் வரும். மூக்கனேரிக்கு இப்படி மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் உயிர். 58 ஏக்கர் ஏரி. 2010-க்கு அப்புறம் ஊர் ஜனங்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணையே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகளில் கொக்கும் நாரையும் அடைகின்றன. நானும் ஒரு மாதம் மண் சுமந்தேன்.

வரைபடத்தில் ஓடை எந்த நிறத்தில், எத்தனை அடி அகலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரோடு ஓடையைத் தாண்டுகிற இடத்தில் இரண்டு குழாயைப் போட்டு மூடினால் முதல் பெருமழைக்கே அடைத்துக்கொள்ளும். கட்டையும் செடியுமாக அடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அது. பெட்டிக் கல்வெர்ட்டுதான் (பெட்டி மாதிரி அகலத் திறப்புள்ள சிறு பாலம்) போட வேண்டும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்றும் மனுவில் கேளுங்கள். கட்டட மொத்தப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன்அனுமதியும் வேண்டும். 200 ஃபிளாட் என்றால் அந்த அளவை ஒட்டித்தான் வரும்.

சர்வே சங்கிலி – வியாழன், காலை 6:10

ராத்திரி அக்கா தோட்டத்துப் புலப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோன்றியது.

ரோட்டை 45 அடி வடக்கே தள்ளினால் என்ன? தோட்டத்தின் வட எல்லையை ஒட்டி 60 அடி போகும். போகிற நிலம் அதே 29 சென்ட்தான், அதைக் குறைக்க முடியவில்லை. ஆனால் மிச்சமிருக்கிற 41 சென்ட்டும் தெற்கே 85 அடி அகலத்தில் ஒரே துண்டாக நிற்கும். கிணற்றின் நடு தெற்கு எல்லையிலிருந்து 60 அடி என்று புலப்படத்தில் இருக்கிறது. 24 அடி அகலக் கிணறு என்றால் அதன் வட விளிம்பு 72 அடியில் முடியும். ரோடு 85-இல்தான் ஆரம்பிக்கும். கிணறு தப்பிக்கும். ரோட்டைப் பார்த்த முகப்பும் கிடைக்கும்.

11 ஏக்கருக்குள் 700 அடி நீளத்தில் 45 அடி நகர்வது பெரிய வளைவே இல்லை, பஸ் டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவர்களுக்கும் போகிற பரப்பு அதே 96 சென்ட். டி.டி.பி. வரைபடத்தில் மாறுதல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அக்காவின் 29 சென்ட்டை மட்டும் தானமாகக் கேட்கக்கூடாது. அவர்கள் மனை போட்டு விற்கவில்லை. அதை 2013 சட்டக் கணக்கில் காசு கொடுத்து எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு அந்த வரி போனால் அதற்கு ஒரு பலம் உண்டு. அவர்கள் தனியாக அலைய விடாதீர்கள்.

ஆனால் காகிதத்தில் பார்த்துச் சொல்கிறேன். பழைய புலப்படம், கிணற்று அளவு இரண்டு மூன்று அடி முன்னே பின்னே இருக்கலாம். நேரில் டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மனுவில் எழுத வேண்டும்.

வாடகை வீடு – வியாழன், காலை 8:00

மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. போடலாம் என்றால் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கே ஃபிளாட் வாங்குவேனோ மாட்டேனோ, வாங்குகிற யாரோ ஒருவர் வீட்டு வாசல் வரை ஆம்புலன்ஸ் வர வேண்டும்.

சர்வே சங்கிலி – வியாழன், காலை 8:20

தாராளமாகப் போடலாம் அம்மா. அந்த ரோட்டில் நடக்கப்போகிறவர்கள் எல்லாரும் போடலாம்.

அரளித் தோட்டம் – வியாழன், இரவு 8:40

அய்யா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தாள். "29 சென்ட்டைச் சும்மா கொடுக்க மாட்டேன், கிணற்றைக் காசுக்கும் கொடுக்க மாட்டேன். கிணறு தப்பிக்கும் என்றால் அளந்து காட்டட்டும், பேசலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து பேசலாம் என்ற வார்த்தை வந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஏழு மணிக்கு மேல் வந்தால் பறிப்பு முடிந்திருக்கும். வடக்கு வரப்பில் பழைய சர்வே கல் ஒன்று இருக்கிறது, பாதி மண்ணுக்குள். தம்பி தோண்டி வைப்பான்.

அடிவாரத்தான் – வியாழன், இரவு 9:05

வருகிறோம் அக்கா. 50 மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. ஓடைக்கரை அண்ணா, நீங்கள் ஆறு மணிக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிடுங்கள், ஓடையின் அகலத்தை முதலில் மூன்று இடத்தில் அளந்துவிடுவோம். கொலுசுப் பட்டறை அண்ணாவும் வருவதாகப் போனில் சொன்னார். 11 ஏக்கர்காரர்களின் ஆளையும் கூப்பிட்டிருக்கிறேன். வரைபடத்தோடு வருகிறேன் என்றார்.

பூலாவரிக்காரன் – வியாழன், இரவு 9:40

நானும் வருகிறேன். அக்கா, அந்தக் கல்லைத் தோண்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சுற்றியுள்ள மண்ணை மட்டும் கையால் விலக்கட்டும். கல் அசையக்கூடாது.